ஆறாம் எண் சட்டை

14, பாபின் தெரு,
ரேவன்ஷா, லங்காஷயர்.
ஏப்ரல் 7, 1974

அன்பும் மதிப்பும் உள்ள திரு. கிளெக் அவர்களுக்கு,

டோரீன் ஹாஸ்லம் எழுதிக்கொள்வது. இங்கே நானும் வில்ஃப்பும் ஜூடித்தும் நலம். நலம் என்று எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். கடிதம் என்றால் அப்படித்தானே தொடங்க வேண்டும், அதனால் எழுதினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் இடுப்பு வலி அடிலெய்டு வெயிலுக்குக் கொஞ்சமாவது அடங்கியதா? மகளும் பேரப்பிள்ளைகளும் சுகம்தானே?

இந்தக் குளிர்காலம் எங்களை ஒரு வழி பண்ணிவிட்டது. வாரத்தில் பாதி நாள் மின்சாரம் இல்லை. நான் வேலை பார்க்கும், மாவுக்குள் கறி வைத்துச் சுடும் பை கடையில் அடுப்பு எப்போது எரியும், எப்போது அணையும் என்று யாருக்கும் தெரியாது. கால்பந்து மைதானத்தில் விளக்குப் போடக்கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டதால் ஆட்டத்தை மதியச் சாப்பாட்டு நேரத்திலேயே ஆரம்பித்தார்கள். பாதிப் பேர் வேலையை விட்டு வர முடியவில்லை. இப்போது எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. நம்முடைய ரேவன்ஷா டவுன் அணியும் பழையபடி பதினான்காவது இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

ஜனவரியில் நடந்ததை யாராவது உங்களுக்கு எழுதினார்களா? ஆட்டம் தொடங்கி இருபது நிமிடத்தில் கோல்கீப்பருக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்துவிட்டது. மேனேஜர் வாயைத் திறப்பதற்கு முன்பே மற்ற எல்லோரும் வில்ஃப்பைத் திரும்பிப் பார்த்தார்களாம். கோல்கீப்பரின் பச்சைச் சட்டையை மாட்டிக்கொண்டு மிச்ச எழுபது நிமிடமும் கோலில் நின்றார். ஒரே ஒரு கோல்தான் விட்டார். மறுநாள் காலை அவருடைய கால்முட்டி நான் சுடும் பை அளவுக்கு வீங்கியிருந்தது.

அதற்குப் பிறகு கடையில் எனக்கு நிம்மதியே இல்லை. பஸ் ஓட்டும் ஹெர்பர்ட் தினமும் காலையில் வந்து, "என்ன கண்ணு டோரீன், இந்தச் சனிக்கிழமை உன் வீட்டுக்காரர் எங்க? கோல்லயா, முன்வரிசையிலயா, இல்ல வாசல்ல நின்னு டிக்கெட் கிழிக்கப் போறாரா?" என்று கேட்பான். வரிசையில் நிற்கிற எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே சூடான பையைத் தாளில் மடித்துக் கொடுப்பேன். அவர்கள் பாசமாகத்தான் சொல்கிறார்கள். பதின்மூன்று வருடமாக அதே பாசம், எனக்கு அலுத்துவிட்டது.

ஜூடித்தின் பள்ளிக்கூடத்தில் 'என் அப்பாவின் வேலை' என்று கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். 'யாருக்கு உடம்பு சரியில்லையோ அவர்களுடைய இடத்தில் ஆடுவது என் அப்பாவின் வேலை' என்று எழுதியிருக்கிறாள். டீச்சர் அதற்குப் பக்கத்தில் நட்சத்திரம் போட்டுக் கொடுத்திருக்கிறாள். வில்ஃப் அதை வாசித்துவிட்டு, "சரியாத்தானே எழுதியிருக்கா" என்றார். அதோடு உருளைக்கிழங்கு உரிக்கப் போய்விட்டார்.

இருபது வயதில் கம்பித் தொழிற்சாலையிலிருந்து நேராக உங்கள் கிளப்புக்குத் தேர்வுக்கு வந்த அன்று, எந்த இடத்தில் ஆடுவாய் என்று கேட்டதற்கு "எங்க போட்டாலும் ஆடுவேன்" என்று சொன்னாராமே. அந்த ஒரு வாக்கியம் அன்றோடு முடிந்திருக்கலாம். வீட்டிலும் அதேதான். சுவருக்கு என்ன நிறம், கடற்கரைக்குப் போகலாமா மலைக்குப் போகலாமா, மகளுக்கு என்ன பெயர், எதைக் கேட்டாலும் உன் இஷ்டம். சண்டை போடக்கூட ஆள் கிடைக்காத வீடு இது.

இனி உங்களிடம் சொல்ல வேண்டியதற்கு வருகிறேன். வில்ஃப் காலையில் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு படியாக நகர்ந்து இறங்குகிறார். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். ஜூடித் ஒரு நாள் பார்த்துவிட்டாள். ஏதோ விளையாட்டு என்று எண்ணி இப்போது அவளும் அப்படித்தான் இறங்குகிறாள். அவருக்கு வயது முப்பத்து மூன்று.

ஜூடித்தின் பள்ளிக்கூடத்தில் செப்டம்பரிலிருந்து மைதானத்தைப் பார்த்துக்கொள்ளவும் பிள்ளைகளை விளையாட வைக்கவும் ஆள் வேண்டுமாம். தலைமையாசிரியரே வீட்டுக்கு வந்து கேட்டார். வில்ஃப் பார்க்கலாம் என்றார். நான் மனதுக்குள் அப்போதே சரி என்று சொல்லிவிட்டேன். ஆனால் போன வாரம் புது மேனேஜர் லோமாக்ஸ் வில்ஃப்பைக் கூப்பிட்டிருக்கிறார். பின்வரிசை நடுவில் ஆறாம் எண் சட்டையில் ஆடிய நம் பையனைப் பெரிய கிளப் ஒன்று கொத்திக்கொண்டு போய்விட்டது அல்லவா? "அடுத்த சீசன் முழுக்க ஆறு உனக்குத்தான் வில்ஃப். வேற எங்கயும் உன்னை மாத்த மாட்டேன். ஆனா அந்த முட்டி தாங்குமா? டாக்டர் பேச்செல்லாம் எனக்கு வேணாம். அதைப் பதினோரு வருஷம் கையால தேய்ச்சவர் கிளெக். சீசன் முடிஞ்சதும் அவருக்கு எழுதறேன். தாங்கும்னு அவர் ஒரு வரி எழுதட்டும், அன்னிக்கே கையெழுத்துப் போட்டுக்கலாம்" என்றாராம்.

ஆக, எங்கள் வீட்டு விஷயம் உங்கள் ஒரு வரியில் வந்து நிற்கிறது.

கிளப்பில் உங்கள் டிரெய்னர் அறையில் விட்டுவிட்டுப் போன தகரப் பெட்டியை அனுப்பச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். சட்டை துவைக்கும் ஐவி அதை என்னிடம் கொடுத்தாள். வெள்ளிக்கிழமை கப்பல் தபாலில் சேர்த்துவிட்டேன். கத்தரிக்கோல், விசில், தைலக் குப்பிகள், உங்கள் மனைவியின் படம் எல்லாம் பத்திரமாக உள்ளே இருக்கின்றன. ஒன்று மட்டும் இல்லை. பெட்டிக்கு அடியில் விரித்திருந்த செய்தித்தாள் எண்ணெய் பட்டு நாறிக் கிடந்ததால் மாற்றலாம் என்று எடுத்தேன். அதன் கீழே ஒரு கடிதம் இருந்தது. மான்செஸ்டரில் வில்ஃப்பின் முட்டியைப் பார்த்த பெரிய டாக்டர், 1969 பிப்ரவரியில் கிளப்புக்கு எழுதியது.

அதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன். குருத்தெலும்பு தேய்ந்துவிட்டது, இந்த சீசனில் இனி இவர் ஆடக்கூடாது, ஊசி போட்டு ஆடவைத்தால் நாற்பது வயதுக்குள் கால் விறைத்துப்போகும். இதைப் படித்துவிட்டு நீங்கள் செய்தித்தாளுக்கு அடியில் வைத்துவிட்டீர்கள். அதற்குப் பிறகு மே மாதம் வரை, ஒவ்வொரு சனிக்கிழமையும் ஊசி. ஊசி போடும்போது அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் பாருடா என்று சொல்பவர் நீங்கள்தானாம். அதை அவர் எத்தனை முறை பெருமையாகச் சொல்லியிருக்கிறார் தெரியுமா?

இதை நான் அவரிடம் காட்டவில்லை. காட்டினால் உங்களை இழந்துவிடுவார். அவருடைய அப்பா செத்தபோதுகூட அழாத மனிதர், நீங்கள் கப்பலேறிய அன்று தைல நாற்றம் அடிக்கும் உங்கள் பழைய துண்டை வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்திருக்கிறார். எனக்கு உங்கள் மேல் கோபம். அதை மறைத்து எழுதத் தெரியவில்லை, மன்னிக்கவும். லோமாக்ஸ் கேட்கும்போது அந்த முட்டி தாங்காது என்று உண்மையைச் சொல்லுங்கள். இன்னொரு தடவை அதைத் தகரப் பெட்டிக்கு அடியில் வைத்துவிடாதீர்கள்.

மகளுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
டோரீன் ஹாஸ்லம்


14, பாபின் தெரு,
ரேவன்ஷா.
மே 13, 1974

அன்புள்ள திரு. கிளெக் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. நான் நான்கு பக்கம் திட்டி எழுதியதற்கு நீங்கள் மூன்றே வரி எழுதியிருக்கிறீர்கள். 'பெட்டி வந்ததும் சொல்கிறேன். அந்தக் கடிதத்தைப் பற்றி வில்ஃப்பிடம் கேள். இங்கே மழைக்காலம் தொடங்கிவிட்டது.' படித்ததும் எனக்கு இன்னும் கோபம் வந்தது. தப்பிக்கப் பார்க்கிறார் என்று நினைத்தேன். இரண்டு நாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. பஸ் ஹெர்பர்ட்டுக்கே பயம் வந்து, வாயைத் திறக்காமல் பையை வாங்கிக்கொண்டு போனான்.

மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு அவர் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தபோது, டாக்டரின் கடிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தேன். முதல் வரியைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. கத்தியைக் கீழே வைக்கவில்லை. இன்னும் ஒரு கிழங்கை முழுசாக உரித்து முடித்தார். பிறகுதான், "அவரைத் திட்டாத டோரீன். மறைக்கச் சொன்னது நான்தான்" என்றார்.

நீங்கள் ஒரு வார்த்தையும் சொல்லாமல் என் திட்டு முழுவதையும் வாங்கிக்கொண்டீர்கள். உங்களிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கிறேன். மன்னித்துவிடுங்கள்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், உங்களுக்கு நினைவிருப்பதுதான் என்றாலும். நீங்கள் அறைக் கதவைத் தாழ் போட்டுவிட்டு அந்தக் கடிதத்தை அவருக்கு உரக்கப் படித்துக் காட்டினீர்களாம். படித்துவிட்டு, "டேய் வில்ஃப், இதை இப்பவே பாஸ்கிட்ட கொண்டுபோறேன். நீ வீட்டுக்குப் போய்க் காலை நீட்டிப் படு" என்று எழுந்தீர்களாம். அவர் உங்கள் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாராம். "மூணு வாரமா ஆறாம் நம்பருக்கு நேரா என் பேரு இருக்கு மிஸ்டர் கிளெக். எட்டு வருஷத்துல இதுதான் முதல் தடவை. இதை மட்டும் எடுத்துராதீங்க. இனிமே உங்ககிட்ட வேற எதுவும் கேக்க மாட்டேன்."

வெள்ளிக்கிழமை நண்பகலில் டீம் லிஸ்ட்டைப் பலகையில் குத்துவதும் எல்லோரும் முண்டியடித்துக்கொண்டு போய்ப் பார்ப்பதும் எனக்கும் தெரியும். ஆனால் இதை அவர் இதுவரை என்னிடம் சொன்னதில்லை. மற்றவர்கள் எல்லோரும் நேராகத் தங்கள் எண்ணைத்தான் பார்ப்பார்களாம். இரண்டுக்காரன் இரண்டை, ஒன்பதுக்காரன் ஒன்பதை. தன் பெயர் இருந்தால் சிரிப்பு, இல்லையென்றால் கெட்ட வார்த்தை, ஒரு நொடியில் முடிந்துவிடும். வில்ஃப் மட்டும் ஒன்றிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு வரியாகத் தேடிக்கொண்டு வர வேண்டும். சில வாரம் நான்கில் இருப்பார், சில வாரம் பதினொன்றில். பல வாரம் கடைசி வரை வந்து, பெஞ்சில் உட்காரும் பன்னிரண்டில் இருப்பார். அவர் தேடி முடிப்பதற்குள் கூட்டம் கலைந்து எல்லோரும் டீ குடிக்கப் போயிருப்பார்களாம்.

"அந்தப் பதினாலு வாரம் நான் தேடலை டோரீன். நேரா ஆறுக்குப் போவேன், அங்க இருப்பேன். பின்வரிசையில நடுவுல நின்னா மொத்த ஆட்டமும் கண்ணுக்கு முன்னால விரியும். பசங்க என்னைத் திரும்பிப் பாக்காமலே பின்னால பந்தைத் தள்ளுவாங்க, நான் அங்க நிப்பேன்னு தெரியும்." இவ்வளவு வார்த்தைகள் சேர்ந்தாற்போல் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. பெண் கேட்டு எங்கள் வீட்டுக்கு வந்த அன்றுகூட இதில் பாதிதான் பேசினார்.

எனக்கு வலித்தது. ஊசி போட்டதற்காக இல்லை. அந்த வருடம் நாம் மேல் டிவிஷனுக்குப் போனபோது திறந்த பஸ்ஸில் ஊர்வலம் வந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நான் நீலச் சட்டை போட்டுக்கொண்டு நூலகத்து வாசலில் நின்று கை ஆட்டினேன். மேலே எல்லோரும் நின்றுகொண்டு வந்தார்கள். இவர் மட்டும் உட்கார்ந்து வந்தார். கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்தில் நின்றவர்களிடம், எங்க வீட்டுக்காரர் கொஞ்சம் கூச்சப்படுவார் என்று சிரித்தபடி சொன்னேன். அவரால் நிற்க முடியவில்லை என்று ஐந்து வருடம் கழித்து ஒரு தகரப் பெட்டி எனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்களிடம் சொன்னதை என்னிடம் சொல்லியிருக்கலாம். நான் வேண்டாம் என்பேன் என்று அவருக்குத் தெரியும், அதனால்தான் சொல்லவில்லை. அதுவும் எனக்குப் புரிகிறது. புரிவதால் வலி குறைந்துவிடுமா என்ன?

அவர்மேல் கோபப்படலாம் என்று பார்த்தேன். முடியவில்லை. பதின்மூன்று வருடத்தில் இந்த மனிதர் எனக்கு இதுதான் வேண்டும் என்று ஒரு முறைதான் கேட்டிருக்கிறார். அதை என்னிடம் கேட்கவில்லை, மகளிடம் கேட்கவில்லை. ஒரு சட்டையைக் கேட்டிருக்கிறார்.

சீசன் ஏப்ரல் கடைசியில் முடிந்தது. கடைசி ஆட்டத்தில் அவர் பன்னிரண்டு. பத்து நிமிடம் இருக்கும்போது இடது ஓரத்தில் இறக்கினார்கள். எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். ஹெர்பர்ட் கத்தியது எனக்கே கேட்டது: "எல்லா எடத்தையும் பாத்தாச்சு வில்ஃப், வா, வந்து என் பஸ்ஸை ஓட்டு!" வில்ஃப்கூடச் சிரித்தார். வீட்டுக்கு வந்து காலைப் பனிக்கட்டி வாளியில் விட்டுக்கொண்டு, சனிக்கிழமை மாலை வரும் விளையாட்டுத் தாளை விரித்தார். நம் கிளப்பின் வரிசையில் ஆறாம் பெயரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அது பதினெட்டு வயதுப் பையன் ஒருவனுடைய பெயர்.

லோமாக்ஸ் உங்களுக்கு எழுதிவிட்டாராம். உங்கள் பதில் வரும் வரை ஒப்பந்தத் தாள் எங்கள் வீட்டு அலமாரியில் கடிகாரத்துக்குப் பின்னால் இருக்கிறது. தூசு துடைக்கும்போது அதை எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடியும் அங்கேயே வைக்கிறேன். தலைமையாசிரியரும் இந்த மாதம் முடியும் வரைக்கும்தான் காத்திருப்பேன் என்று சொல்லிவிட்டார். என்ன செய்யப் போகிறீர்கள் என்று நேற்று வில்ஃப்பிடம் கேட்டேன். "கிளெக் என்ன எழுதறாரோ அதுதான்" என்றார். சரி, கிளெக்கை விடுங்கள், உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். கடிகாரத்துக்கு முழுசாகச் சாவி கொடுத்தார். கடைசியில், "ஒரே ஒரு வருஷம், டோரீன். இந்த ஒரு வருஷம் மட்டும் வெள்ளிக்கிழமை நேரா போய்ப் பாக்கணும்" என்றார். இந்த முறை என்னிடமே கேட்டுவிட்டார். எழுந்து போய் ஜூடித்தின் சட்டைகளை இஸ்திரி போட்டேன்.

இன்று காலை ஓர் உறையை என் கையில் கொடுத்து, கடைக்குப் போகும் வழியில் தபாலில் போடச் சொன்னார். உங்கள் விலாசம். என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். "சும்மாதான், அங்க வெயில் எப்படின்னு கேட்டிருக்கேன்" என்றார். வெயிலைப் பற்றி விசாரிக்கும் கடிதம் அவ்வளவு கனமாக இருக்காது. உங்கள் சட்டைக் கையை மறுபடியும் பிடித்திருக்கிறார் என்று தெரிகிறது.

தபால் பெட்டி பக்கத்தில் நின்றேன். அதைப் போடாமல் விட்டிருக்கலாம். என் கைப்பைக்கு அடியில் வைத்து மறந்துபோயிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் ஒருவருடைய நல்லதுக்கு என்று இந்த வீட்டில் ஒரு கடிதத்தை மறைத்தது போதும். திரும்பி வந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். முடித்ததும் இரண்டையும் சேர்த்தே போடப்போகிறேன்.

லோமாக்ஸுக்கு உண்மையை எழுதுங்கள். போன தடவை கோபத்தில் கேட்டேன், இப்போது கெஞ்சிக் கேட்கிறேன். எனக்கு மாடிப்படியில் நடந்து இறங்கும் வில்ஃப் வேண்டும். ஜூடித் கல்யாணத்துக்கு அவள் பக்கத்தில் நடந்து வரும் வில்ஃப் வேண்டும்.

வில்ஃப்புக்குத் தனியாக ஒன்று எழுதுங்கள். மூன்று வரியில் முடித்துவிடாதீர்கள். அந்தப் பதினான்கு ஆட்டத்திலும் அவர் எப்படி ஆடினார் என்று எழுதுங்கள். வேறு யாருக்காகவோ அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை, அது அவருடைய இடம்தான் என்று எழுதுங்கள். அது உண்மை என்று நான் நம்புகிறேன். உண்மையில்லை என்றால் என்ன எழுதச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. நான் சொன்னால், பெண்டாட்டி வேறென்ன சொல்வாள் என்று விட்டுவிடுவார். மைதானக் கோட்டுக்கு வெளியே வாளியோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தவர் நீங்கள். நீங்கள் எழுதினால் அந்தத் துண்டோடு சேர்த்து வைத்துக்கொள்வார்.

குளிரில் இடுப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், தைலத்தை நீங்களும் தேய்த்துக்கொள்ளுங்கள். இரண்டு உறையும் ஒன்றாகத்தான் உங்கள் வாசலுக்கு வரும். அவருடையதையும் முழுசாகப் படியுங்கள். எத்தனை தடவை வேண்டுமானாலும் படியுங்கள். படித்துவிட்டு, ஐயா, இந்த ஒரு முறை மட்டும் அவர் சொல்வதைக் கேட்காதீர்கள்.

என்றும் நன்றியுடன்,
வில்ஃப்பின் டோரீன்